பதினோராம் எண் இடத்தில் வேர்விட்ட வண்டி

அமெரிக்காவில் மெர்சி கேப் என்ற அந்த ஊரில் ஒரே ஒரு ராத்திரிக்கென்று கொண்டுவந்து நிறுத்திய வண்டி ஐந்தாம் நாள் காலையில் வேர்விட்டிருந்தது. அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் யாரும் கையை உதறிக்கொண்டு ஓடவில்லை. ஒருவர் போய் மண்வெட்டி எடுத்துவந்தார், ஒருவர் போய் எல்லாருக்கும் காபி எடுத்துவந்தார், வண்டிகள் தங்கிப் போகிற பேட்டையின் மேனேஜர் டார்லீன் மட்டும் தன் நோட்டைப் புரட்டி, பதினோராம் எண் இடத்துக்கு எதிரே 'புறப்பாடு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'தாமதம்' என்று எழுதினாள்.

ஊர் என்றால் ஆறாயிரம் அடி உயரத்தில், நாலு பக்கமும் ஒரு புல்கூட முளைக்காத மலைகளுக்கு நடுவில், பெட்ரோல் போட ஒரு இடம், சாமான் வாங்க ஒரு கடை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற ஒரு சர்ச், என்றைக்குமே திறக்காத ஒரு பள்ளிக்கூடம், இவ்வளவுதான். வெயில் காலை எட்டு மணிக்கே நெற்றியில் அறையும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்வெட்டர் கேட்கும். ஆர்.வி. என்று அவர்கள் சொல்கிற, படுக்கையும் அடுப்பும் கக்கூசும் உள்ளேயே வைத்துக் கட்டிய வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போகிறவர்களும் மேற்கே போகிறவர்களும் டார்லீனின் பேட்டையில் ஒரு ராத்திரி நிறுத்துவார்கள், தண்ணீர் பிடிப்பார்கள், கரண்ட் இழுப்பார்கள், வண்டியின் வயிற்றில் சேர்ந்த அசிங்கத்தைத் தரையிலிருக்கும் குழியில் குழாய் வைத்து இறக்குவார்கள், விடிந்ததும் கையாட்டிவிட்டுப் போவார்கள். அங்கே வந்து யாரும் தங்கியதில்லை. தங்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

வேர்விட்ட வண்டியில் வந்த சண்பகவல்லிக்கு ஐம்பத்தாறு வயது. கோவில்பட்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் படித்தவள், அமெரிக்கர்கள் எழுதி வைக்கிற பலகைகளில் தினம் நாலு தப்பாவது கண்டுபிடிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவள், தெரிந்த அந்த இங்கிலீஷை முப்பத்திரண்டு வருஷமாகப் பால்காரனுக்கும் கேஸ்காரனுக்கும் நடுவில் பிரயோஜனமில்லாமல் வைத்திருந்தவள். அவள் புருஷன் குற்றாலிங்கம் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். பதினேழு மாற்றல். ஆர்டர் வந்த மறுநாளே அவர் போய்ப் புது ஊரில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், பத்து நாள் கழித்து லாரிக்குப் பின்னால் கிரைண்டரோடும் பிள்ளையோடும் அவள் போய் இறங்குவாள், எந்த சன்னலில் வெயில் வரும், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டுக்காரியோடு எவ்வளவு பேசலாம் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபடுகிற சமயத்தில் சரியாக அடுத்த ஆர்டர் வரும்.

இப்போது டென்வரில் மகள் நிவேதாவுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குப் போனபோது ஆறு மாதத்தில் சண்பகவல்லி பார்த்த அமெரிக்கா ஒரு அடுப்பு, ஒரு துவைக்கும் மெஷின், ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே பனி. இந்தத் தடவை அவள் முரண்டு பிடிப்பாள் என்று தெரிந்துதான் குற்றாலிங்கம் ஒரு ஏற்பாடு செய்தார். மருமகன் பிரவீன் லாஸ் ஏஞ்சல்ஸில் வாங்கிப் போட்டிருந்த ஆர்.வி. ஒன்றை டென்வருக்குக் கொண்டுவர ஆள் தேடிக்கொண்டிருந்தான். "நானும் உங்க அத்தையும் ஊரைப் பாத்துக்கிட்டே ஓட்டிட்டு வாறோம் மாப்பிள்ளை, அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். மாறுதல். பதினேழு முறை கொடுத்தது போதவில்லை.

மெர்சி கேப்புக்கு வந்த அன்று பிரசவத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலையில் மேலே கணவாயில் பாறை சரிந்து சாலை அடைத்துக்கொண்டது, சரிசெய்ய நாலு நாளாகும் என்றார்கள். குற்றாலிங்கம் மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். சண்பகவல்லி அரிசியைக் களைந்து உலை வைத்தாள்.

பேட்டையின் வாசலில், கழிவு நீரைத் தரையில் ஊற்றினால் அபராதம் என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. அவள் அதைப் படித்தாள், அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள், ஒப்புக்கொள்ளவும் செய்தாள். ஆனால் அரிசி களைந்த தண்ணீரைக் கழிவு என்று சொல்கிற ஒருத்தியை அவள் பெண்பிள்ளை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். பதினேழு ஊரிலும் அது கறிவேப்பிலைச் செடிக்கோ தென்னைக்கோ, ஒன்றுமில்லாத ஊரில் அடுத்த வீட்டு மாட்டுக்கோ போனது. பதினோராம் எண் இடத்தில் செடி கிடையாது, மாடு கிடையாது, சரளைக் கல்தான். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, உயிருள்ளது மாதிரி ஏதாவது ஒன்றின் காலடியில் ஊற்றினால்தான் மனசு ஆறும் என்பதால், வண்டியின் பின்பக்கத்து இடது டயரின் அடியில் ஊற்றினாள். மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், நாலு நாள்.

ஐந்தாம் நாள் சாலை திறந்தது. குற்றாலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் திருகினார். வண்டி உறுமியது, காற்றில் புளியமரம் ஆடுவது போலத் தலை மட்டும் ஆடியது, அடி அசையவில்லை. மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பா உருண்டது.

பக்கத்துப் பத்தாம் எண்ணில் இருந்த வால்ட் வந்து குனிந்து பார்த்தார். வால்ட்டுக்கு எழுபத்துநாலு வயது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெண்சாதி செத்ததும் வீட்டை விற்று வண்டி வாங்கியவர். எனக்கு வீடில்லை, வேலியில்லை, வெட்டப் புல்லில்லை என்று வண்டியின் பின்னால் எழுதி ஒட்டிக்கொண்டு, ஒரு ஊரில் மூன்று ராத்திரிக்கு மேல் தங்காமல் திரிகிறவர்.

"வேர்" என்றார் வால்ட்.

"எங்கே?" என்று குற்றாலிங்கம் இறங்கிவந்தார்.

டயரின் ரப்பரிலிருந்தே கிளம்பி, முருங்கைக்காய் கனத்தில், வெள்ளையாக, ஈரமாக, சரளைக் கற்களை விலக்கிக்கொண்டு ஏழெட்டு வேர்கள் இறங்கியிருந்தன. வால்ட் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஆரோக்கியமாத்தான் இருக்கு. எங்க அம்மா ரோஜா வச்சா இப்படித்தான் பிடிக்கும்."

குற்றாலிங்கம் நிமிர்ந்து பெண்சாதியைப் பார்த்தார். "ஏட்டி, என்ன பண்ணித் தொலைச்ச?"

"சோறு பொங்குனேன். தின்னது யாரு?"

இழுவை வண்டிக்காரன் வந்தான். சங்கிலியைக் கட்டி இழுத்தான், சங்கிலி அறுந்தது. இன்னும் தடிமனான சங்கிலி கட்டினான், இழுவை வண்டியின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. அவன் இறங்கி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, பிடித்துக்கொண்டதை இழுப்பது தன் தொழிலில்லை என்று சொல்லிப் போய்விட்டான். டென்வரிலிருந்து பிரவீன் இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினான். அவர்கள் வெள்ளம் என்றார்கள், நெருப்பு என்றார்கள், திருட்டு என்றார்கள், மான் வந்து முட்டுவது வரைக்கும் வாசித்தார்கள், வேர்விடுவது அவர்கள் பட்டியலில் இல்லை.

இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு வண்டி தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஆறாம் நாள் மற்ற மூன்று மூலையிலும் வேர் இறங்கியது. ஏழாம் நாள் தகரத்தின் மேல் வெடிப்பு வெடிப்பாகப் பட்டை போட்டது, பெயிண்ட் சருகு மாதிரி உதிர்ந்து காற்றில் போனது. எட்டாம் நாள் சன்னல் சட்டங்களில் துளிர் விட்டது, பக்கக் கண்ணாடியின் கம்பி கிளைத்து இன்னொரு குட்டிக் கண்ணாடியைக் காய்த்தது, கூரை ஓரத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூத்தது. பூவில் லேசாக டீசல் வாசனை வந்தது. அதற்கும் எங்கிருந்தோ தேனீ வந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சண்பகவல்லி வழக்கம்போல அரிசி களைந்தாள், வழக்கம்போல ஊற்றினாள். நிறுத்துவதற்கு அவளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை, புருஷனைத் தவிர. அவர் சொன்னதை அவள் காரணம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பேட்டையில் வந்து நிறுத்துகிறவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி, விடிகிற நேரத்தில் எழுந்து தங்கள் வண்டியின் டயரை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, கோடாரி கண்ட கோழி மாதிரி உடனே கிளம்பிப் போனது. இன்னொரு கட்சி வெளியே சொல்லிக்கொள்ளாமல் கடைக்குப் போய் அரிசி வாங்கியது. கடைக்காரர் ஜென்மத்தில் அத்தனை அரிசி விற்றதில்லை. வீட்டை விற்றோம், சுமையை விட்டோம், காற்று மாதிரி இருக்கிறோம் என்று மாலையில் நாற்காலி போட்டுப் பெருமை பேசுகிற கிழவர்களெல்லாம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கையில் ஒரு கிண்ணத்தோடு டயரடியில் குந்துவதை சண்பகவல்லி சமையலறை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருவர் வண்டிக்கும் வேர் பிடிக்கவில்லை.

வால்ட்டும் ஊற்றினார். மூன்றாம் தடவை ஊற்றும்போது அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"எந்த அரிசி அது?"

வால்ட் பாக்கெட்டைக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் தயார் என்று போட்டிருந்தது.

"இது பாதி வெந்து, உலர்ந்து வந்த அரிசி. இதுல கழுவ என்ன இருக்கு? செத்தவனுக்கு முகம் கழுவுன மாதிரி."

"எனக்குத் தெரியாது" என்றார் வால்ட். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் அவதான் செய்வா" என்றார்.

அவள் உள்ளே போய்த் தன் மூட்டையிலிருந்து ஒரு ஆழாக்கு பொன்னி அரிசி எடுத்துவந்து, அவர் கையில் பாத்திரத்தைக் கொடுத்து, அழுக்கு மாதிரி தேய்க்கக் கூடாது, பிசைந்துவிடவும் கூடாது, விரலை விரித்துத் துழாவணும் என்று சொல்லிக் களையவைத்தாள். முதல் தண்ணியைக் கீழே கொட்டு, அதில் தூசிதான் இருக்கும், இரண்டாம் தண்ணியைத்தான் ஊற்றவேண்டும் என்றாள். மறுநாள் வால்ட்டின் வண்டியில் முன்டயரிலிருந்து தலைமயிர் கனத்தில் ஒரே ஒரு வேர் இறங்கியிருந்தது. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. சாயங்காலத்தில் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காற்று அடித்தால் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில், வண்டியை வெளியே தள்ளிவிட்டு, மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அதிசயம் எப்படி நடந்தது என்பதை அவர்கள் பேசவே இல்லை. நடந்தாகிவிட்டது, இனி அதை எந்த ஃபைலில் வைப்பது என்பதுதான் பேச்சு. மரம் என்றால் அதற்குத் தண்ணீர் வரி வேறு. வண்டி என்றால் நம்பர் தகடு வேண்டும், தகடு இப்போது பட்டைக்குள் போய்விட்டது. தபால் கொண்டுவருகிற அம்மாள் எழுந்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நாளைக்கு அதுக்கு ஒரு கடுதாசி வந்தா நான் கொண்டுபோய்க் கொடுக்கணுமா வேண்டாமா?" என்றாள். கொடுக்கத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். "அப்ப அது வீடு" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அதோடு அது தீர்ந்தது.

வீடு என்றால் யார் வீடு? குற்றாலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார். பதினேழு ஊரில் கூட்டம் நடத்தியவர், நாற்பது பேரெல்லாம் அவருக்கு ஒரு கூட்டமில்லை. வண்டி தன் மருமகனுடையது, மருமகன் சார்பாகத் தானே பொறுப்பு என்று ஆரம்பித்தார்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த அகஸ்டா ரீட் என்ற பெண்மணி, வெள்ளைத் தலை, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி, கையில் ஓரம் கருகிய ஒரு பழைய புத்தகம், கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"இந்த மாவட்டத்துல ஒரு பழைய சட்டம் இருக்கு. இங்கே மழை கிடையாது. அதனால வேர் பிடிச்ச எதுவானாலும், நட்டவனுக்கு இல்லை, நிலத்துக்காரனுக்கு இல்லை, தண்ணி ஊத்தின கைக்குத்தான் சொந்தம். ஆப்பிள் மரத்துக்காக ரெண்டு பேர் சுட்டுக்கிட்டுச் செத்தப்போ எழுதினது. யாரும் ரத்து பண்ணலை. தண்ணி ஊத்தினது யார்?"

கொட்டகையே திரும்பி சண்பகவல்லியைப் பார்த்தது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்."

"உங்க மருமகன் சொல்லி ஊத்தினீங்களா? புருஷன் சொல்லி?"

"இவுங்க யாரும் எனக்கு அரிசி களையச் சொல்லித் தரலை."

"அவ வெளிநாட்டுக்காரி, விசிட்டர் விசாவுல வந்திருக்கா" என்று குற்றாலிங்கம் இங்கிலீஷில் சொன்னார். ஊத்தின கை எந்த நாட்டுக் கை என்று சட்டம் கேட்கவில்லை என்று அகஸ்டா ரீட் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்துப் பெயர் கேட்டாள். சண்பகவல்லி எழுத்தெழுத்தாகச் சொன்னாள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். ஃபாரத்தில் இரண்டு கட்டம் இருக்கிறதாம், பள்ளிக்கூடத்தில் இரண்டாவதில் அப்பா பெயர் போட்டார்கள், பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் போட்டார்கள்.

"ஒண்ணு போதும்" என்றாள் சண்பகவல்லி. "அடுத்த கட்டத்தைச் சும்மா விடுங்க."

அப்படியே எழுதினார்கள். டார்லீன் தன் நோட்டில் 'தாமதம்' என்பதை அடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டாள். வீட்டைப் பற்றி எழுத அவள் நோட்டில் இடமில்லை.

அன்று சாயங்காலம் நிவேதா கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா என்னென்னமோ சொல்றாங்க. வண்டி போனாப் போவுது, ஃபிளைட் போடச் சொல்லட்டா? பக்கத்துல எந்த ஏர்போர்ட்?"

"எத்தனை மாசத்துக்கு?"

"என்ன எத்தனை மாசம்? ஆறு மாசம்தான். அப்புறம் எக்ஸ்டென்ஷன் போடலாம்னு பிரவீன் சொல்லுதாரு. பெரியவன ஸ்கூலுக்கு அனுப்ப ஆள் வேணும்லா."

"நாப்பது நாள் இருக்கேன்."

 "ஏம்மா, உனக்கு ஒரு வண்டி பெருசாப் போச்சா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. சண்பகவல்லிக்கு அது கேட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி, அழவிடக் கூடாது. சரி சரி, ஆறு மாசம் இருக்கேன் என்று சொல்லிவிட வாய் ஒரு தரம் திறந்தது. முப்பது வருஷமாகத் தானாகத் திறந்து திறந்து பழகிய வாய்.

"வண்டி இல்லட்டி" என்றாள் கடைசியில். "வீடு."

மறுநாள் மத்தியானம் குற்றாலிங்கம் ஒரு காகிதத்தோடு வந்தார். பேச்சில் தேன் வடிந்தது. வேரை மரம் அறுக்கும் மெஷின் வைத்து அரைமணி நேரத்தில் அறுத்துவிடலாமாம், அறுத்தால் மறுபடி அது வண்டி, வண்டி என்றால் மருமகனுக்கு, எல்லாம் பழையபடி. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துதான் வேண்டும். அறுக்கிறதுக்கு ஆளைக்கூடப் பிடித்துப் பேசி முடித்து வந்திருந்தார். காகிதத்தை மேஜையில் வைத்தார், பேனாவைத் திறந்து வைத்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

அது அவர் பேங்க் பழக்கம். படிக்கத் தெரியாதவர்கள், அவசரக்காரர்கள், பெண்பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு குறி போட்டுக் கொடுப்பார், அவர்கள் குறியின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். சண்பகவல்லியும் முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் குறியின் மேல்தான் போட்டு வந்தாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. அடுப்பில் ஏதாவது இருக்கும், கையில் ஈரம் இருக்கும், "இங்கதானே?" என்பாள், "ஆமா, இங்கதான்" என்பார். அப்பா அவளுக்கென்று எழுதிவைத்த கடலையூர் ரோட்டு மனைகூட அப்படி ஒரு குறியின் மேல்தான் போனது. போய் நாலு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள். காகிதத்தை எடுத்து, கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து மதர் பெர்பெத்துவா வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி வாசிக்கவைப்பாளே, அந்த மாதிரி முதல் வரியிலிருந்து, கமாவுக்கு நிறுத்தி, ஃபுல் ஸ்டாப்புக்கு மூச்சு விட்டு, சத்தமாக வாசித்தாள். ஒன்றரைப் பக்கம். குற்றாலிங்கம் நின்றுகொண்டே கேட்டார். வெளியே வால்ட்டும் கேட்டார். பூவில் மேய்ந்துகொண்டிருந்த தேனீ மட்டும் கேட்கவில்லை.

"நாலாவது வரியில ஒரு தப்பு இருக்கு" என்றாள் வாசித்து முடித்து.

"திருத்திக்கலாம். போடு."

"போடமாட்டேன்."

"சண்பகம், பிள்ளை அங்க தனியாக் கெடக்கா."

"பிள்ளைட்ட நான் போவேன். நான் போறதுக்கு வீட்ட எதுக்கு அறுக்கணும்?" அவள் ரப்பர் தேடினாள், கிடைக்கவில்லை, கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு அந்தப் பென்சில் குறியைத் தேய்த்தாள். அது போகாமல் கறுப்பாக ஈஷிக்கொண்டது. "பொம்பளைங்க பிரசவம் பாக்கப் போனா, வீடு இருந்த இடத்துல இருக்கும். ஊர் உலகத்துல அப்படித்தான். எனக்குத்தான் இதுவரைக்கும் இல்ல."

"நான் என்ன செய்ய இங்க? தனியா?"

"பேங்க்ல ஒவ்வொரு ஊர்லயும் முதல் பத்து நாள் தனியா இருந்தீங்கள்ல."

"மெஸ் இருந்துச்சு."

"இங்க அரிசி இருக்கு."

அவர் உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக, ஆர்டர் போட ஹெட் ஆபீஸ் இல்லாத ஒரு மாற்றல் தனக்கு வந்திருப்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. பேனாவை எடுத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "எத்தனை தண்ணி களையணும்?" என்று கேட்டார். "வால்ட்டைக் கேளுங்க" என்றாள். அவளுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

மெர்சி கேப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் வரும், பெட்ரோல் பங்க் பக்கத்தில் நிற்கும். பிரசவத் தேதிக்கு ஏழு நாள் இருக்கையில், வியாழக்கிழமை காலையில், சண்பகவல்லி பத்தியச் சாமானும் பேறுகால மருந்தும் அடைத்த பெரிய பெட்டியோடும் கைப்பையோடும் போய் நின்றாள். குற்றாலிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். வெளுத்த முகமாக இருந்தார், காலையில் அவர் வைத்த சோறு அடிப்பிடித்திருந்தது. வீட்டில் எந்த சன்னலை எத்தனை மணிக்குச் சாத்த வேண்டும் என்று அவள் சொன்னாள், அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "பிள்ளை பிறந்ததும் போன் போடு" என்றார். "போடுதேன்" என்றாள்.  வழியனுப்புகிற இடத்தில் அவரும் ஏறுகிற இடத்தில் அவளும் இதற்கு முன் நின்றதில்லை.

பஸ் டிரைவர் ஒரு தடித்த, நிதானமான பெண். பெட்டியில் கட்டுவதற்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு, விலாசம் கேட்டாள். சண்பகவல்லி சொன்னாள். டிரைவர் எழுதிக்கொண்டே, "ஓ, பூத்திருக்கே, அந்த வீடா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஏற்கனவே ஒரு அடையாளமாகிவிட்டிருந்தது, வளைவைச் சொல்வது போல, பாலத்தைச் சொல்வது போல.

"போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்றதுக்கும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"தேதி?"

தேதியைச் சொன்னாள். டிரைவர் எழுதினாள். பின்னால் நின்ற ஒருவர் இருமினார். சண்பகவல்லி நகரவில்லை. இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. இதுநாள்வரை அவளுக்கு யார் யாரோ எடுத்துக்கொடுத்த எந்த டிக்கெட்டுக்கும் கேட்க அவசியமில்லாமல் இருந்த ஒன்று.

"வரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தா ஊர் முதல்ல தெரியும்?"

டிரைவர் பேனாவைக் காற்றில் பிடித்துக்கொண்டு, கணவாயில் ஏறி, வளைவில் திரும்பி, மனசுக்குள்ளேயே ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"இடது பக்கம்."

"அப்ப அதைப் போடுங்க."